கக்கூஸ் வாசலில்தான் கிட்டியது

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் 30 கிலோமீட்டர் சொச்சம்தான். பாலராமபுரத்து நெரிசலில் மாட்டினால் அது 60 மாதிரி. அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய்; நடக்கும்போது கால் தரையில் ஒட்டி நின்றுவிடும். எட்டு மணிக்கு அங்கே சென்சார் கட்டி நடையை அளக்கும் டெஸ்ட் என்று ஐந்தரைக்கே அப்பாவைக் காரில் ஏற்றினோம். போனதும் டெக்னீஷியன் பெண் கேட்ட முதல் கேள்வி: "மருந்நு கழிச்சோ?"

"அஞ்சு மணிக்கே குடுத்தாச்சு" என்றாள் அம்மா, பெருமையாக.

அதோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். 12 மணி நேரம் லெவோடோபா (பார்க்கின்சனுக்கான மாத்திரை) போடாமல் ஒரு தடவை, போட்டபின் ஒரு தடவை நடக்க வைத்து ஒப்பிடுவதுதான் டெஸ்டே. சீட்டு எழுதியவர் தேதியையும் நேரத்தையும் மட்டும் எழுதியிருந்தார். கேட்டால், போனில் சொல்லியிருப்பார்களே என்கிறார். ஒருத்தரும் சொல்லவில்லை. கார் வாடகை 1,800 ரூபாய் போச்சு.

நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று டாக்டர் கையால் எழுதி வாங்குங்கள். இரண்டாம் முறை நான் அப்படித்தான் வாங்கினேன்.

மாத்திரை இல்லாத அந்தக் காலையில் கட்டிலிலிருந்து காருக்கு வரவே அப்பாவுக்கு 40 நிமிடம். வேட்டியோடு கூட்டிப்போனது அடுத்த தப்பு. தீப்பெட்டி அளவு சென்சார்கள், இரண்டு கால், இடுப்பு, இரண்டு மணிக்கட்டு என்று வாரால் கட்டுகிறார்கள். வேட்டி கால் வாரில் சிக்கி இழுத்தது. எதிர்க்கடையில் 250 ரூபாய்க்கு ஒரு டிராக் பேண்ட் வாங்கினேன். அப்பா முறைத்தார். "நான் என்னலே கோமரத்தாடியா, காலில சலங்கை கெட்டதுக்கு?" (கோமரத்தாடி என்றால் சாமியாடி.)

நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காருவது, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே நடப்பது, எல்லாம் முடிந்தது. வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து தடவை கால் தரையில் ஒட்டி நிற்கிற மனுஷன், வெள்ளைக் கோட் போட்டவர்களைக் கண்டதும் அந்த அகல வராந்தாவில் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. மெதுவாக, ஆனால் பரேடு மாதிரி! வயிறு எரிந்தது. "வீட்டில இப்படி இல்ல" என்றேன். அந்தப் பெண் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வாரைக் கழற்றக் குனிந்தார்.

அப்போதுதான் அப்பா ஒன்றுக்குப் போக வேண்டும் என்றார்.

"கழட்டாதீங்க, ரெக்கார்டிங்கும் ஓடட்டும்" என்று கெஞ்சினேன். நினைத்தது சரி. குறுகலான கக்கூஸ் வாசலில் கால் பிடித்துக்கொண்டது. குதிகால் எழும்ப, முட்டி கிடுகிடுவென்று நடுங்குகிறது, ஒரு அடி நகரவில்லை. நான் இழுக்கவில்லை (இழுத்தால் விழுவார்), கையை மட்டும் பிடித்திருந்தேன். சாதாரண நடையில் காலின் ஆட்டம் வினாடிக்கு 3 முறைக்குள் இருக்கும். உறைந்து நிற்கும்போது 3 முதல் 8 முறை வரை நடுங்கும். திரையில் அலை அலையாக ஓடிய கோடு ரம்பப் பல்லாக நெருங்கியதை நானே பார்த்தேன். "கிட்டி!" என்றார் அந்தப் பெண். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

மாத்திரை போட்டபின் எடுத்த சுற்றில் ஒரு சிக்கலும் இல்லை.

ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் மாத்திரை நேரங்களை மாற்றினார். வீட்டுக் கக்கூஸ் வாசலில் குறுக்கே கோடு கோடாக டேப் ஒட்டச் சொன்னார். கோட்டைத் தாண்டுவதாக நினைத்தால் அப்பாவுக்குக் கால் எழும்பிவிடுகிறது. தரை துடைக்கும்போது அம்மா இரண்டு கோட்டைப் பிய்த்துவிட்டாள். நேற்று மறுபடி ஒட்டினேன்.