மாலையில் மலரும் ரங்கூன் மல்லி

இரவில் மணக்கிற கொடி ஒன்றே ஒன்றுதான் வைக்க இடம் இருக்கிறது என்றால் நான் ரங்கூன் மல்லியைத்தான் சொல்வேன். பொழுது சாயும்போது வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அப்புறம் நல்ல சிவப்பாகிவிடும், அதனால் ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். காம்பு மாதிரி நீளமாகத் தெரிவது பூவின் குழல். அடியில் இருக்கும் தேனை எட்ட நீண்ட உறிஞ்சுகுழல் வேண்டும், இருட்டியதும் பருந்து அந்துப்பூச்சி என்கிற இரவுப் பூச்சி பூ முன்னால் அந்தரத்தில் நின்றபடியே குடிப்பதைப் பார்க்கலாம்.

நல்ல வெயில் வேண்டும். பந்தலை உறுதியாகப் போடுங்கள், மெல்லிய கம்பி தாங்காது. இலை உதிர்ந்த பிறகும் அதன் காம்பு முள்ளாகக் காய்ந்து நின்று கொக்கி போல் மாட்டிக்கொண்டுதான் கொடி ஏறுகிறது, வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால் ஒரு சுற்று பூத்து ஓய்ந்ததும் தயங்காமல் கவாத்து செய்யலாம், அதாவது கிளைகளை வெட்டிவிடலாம். யூரியா அதிகம் போட்டால் இலைதான் மண்டும். வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளை அப்படியே பிரித்து நட்டால் பிழைத்துக்கொள்ளும்.

இடம் சின்னது என்றால் முல்லை போதும், அதுவும் மாலையில்தான் மலரும். முல்லையைத் தை மாதம் கவாத்து செய்துவிடுங்கள்.