எந்த ஃபோல்டரில் நிற்கிறேன்?

சர்வருக்குள் முதல்முறை நுழைந்த நாளில் பக்கத்து சீட் அண்ணன் ஒன்றுதான் சொன்னார்: "எதையாவது அழிக்கணும்னா முதல்ல பிடபிள்யூடி அடிச்சுப் பாரு." நிற்கிற ஃபோல்டரின் முழுப் பாதையைச் சொல்லும் கட்டளை அது. விண்டோஸில் ஃபோல்டர்களைக் கண்ணால் பார்த்து மவுஸால் திறந்து பழகியவன் நான். கருப்புத் திரையும் மினுக்கும் கர்சரும், கரண்ட் போன வீட்டில் சுவரைத் தடவி நடப்பது போலத்தான் இருந்தன. சிடி அடித்தால் ஃபோல்டருக்குள் போகலாம், எல்எஸ் அடித்தால் உள்ளே இருப்பது தெரியும், சிடியோடு இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி மேலே ஏறலாம். இதெல்லாம் ஒரே நாளில் கைக்கு வந்துவிட்டது. பிடபிள்யூடி மட்டும் வரவில்லை. நிற்கிற இடம் எனக்கே தெரியாதா என்று நினைத்தேன்.

எங்கள் சர்வரில் இருந்தது சென்ட்ஓஎஸ் என்ற லினக்ஸ். அதன் பிராம்ப்ட், அதாவது கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் தெரியும் எழுத்துகள், முழுப் பாதையைக் காட்டாது. நிற்கிற ஃபோல்டரின் பெயரை மட்டும் காட்டும். 'ரிப்போர்ட்ஸ்' என்ற பெயரிலேயே எங்களிடம் மூன்று ஃபோல்டர்கள் இருந்தன.

ஒரு மாதக் கடைசி. டிஸ்க் நிரம்பிவிட்டது, பழைய சிஎஸ்வி ஃபைல்களை அழிக்கச் சொன்னார்கள். 'ஆர்க்கைவ்' ஃபோல்டருக்குப் போக ஒரு சிடி, நடுவில் அரைப்புள்ளி, அப்புறம் எல்லா சிஎஸ்வியையும் அழிக்கும் ஆர்எம். ஒரே வரியில் அடித்து என்டர் தட்டினேன். ஃபோல்டர் பெயரின் முதல் எழுத்து சிறிய ஏ; நான் அடித்தது பெரிய ஏ. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. அப்படியொரு ஃபோல்டரே இல்லை என்று சிடி நின்றுவிட்டது. ஆனால் முதல் கட்டளை பலித்ததா இல்லையா என்று அரைப்புள்ளி பார்ப்பதில்லை, அடுத்ததை ஓட்டிவிடும். நான் நின்ற இடத்திலேயே ஆர்எம் ஓடியது. அன்றைய ரிப்போர்ட்டுகள் அத்தனையும் போயின. அதற்கு ரீசைக்கிள் பின் கிடையாது.

முந்தின இரவின் பேக்கப் இருந்தது. காலையிலிருந்து வந்தவற்றை மறுபடி எடுத்து முடிக்க ராத்திரி 11 மணி ஆனது. அண்ணன் திட்டவில்லை. கூடவே உட்கார்ந்திருந்து, அரைப்புள்ளியை எடுத்துவிட்டு அங்கே இரண்டு ஆம்பர்சண்ட் போட்டுக் காட்டினார். முதலாவது பலித்தால்தான் இரண்டாவது ஓடும்.

அதன்பிறகு ஃபோல்டர் பெயரை நான் முழுதாக அடிப்பதில்லை. இரண்டு எழுத்து, ஒரு டேப். மீதிப் பெயர் தானாக நிரம்பினால் அந்த ஃபோல்டர் அங்கே இருக்கிறது. நிரம்பாவிட்டால் கையை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன். வேகமாக அடிக்க உதவும் என்றுதான் டேப்பைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு அது சாட்சி. அழிப்பதற்கு முன், எந்த ஃபைல்கள் என்று ஆர்எம்முக்குச் சொல்லும் அதே பேட்டர்னை எல்எஸ்ஸுக்குக் கொடுத்துப் பட்டியலைப் படிக்கிறேன். சரியாக இருந்தால் மேல் அம்புக்குறியால் அந்த வரியை வரவழைத்து, எல்எஸ் இருந்த இடத்தில் ஆர்எம் போடுகிறேன். லாக் ஃபோல்டருக்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்கும் மாறி மாறி ஓடும் நாட்களில் சிடிக்குப் பின் ஒரு கழித்தல் குறி போதும், முன்பு நின்ற இடத்துக்கே திரும்பலாம். போய்ச் சேர்ந்த இடத்தின் முழுப் பாதையையும் அதுவே சொல்லிவிடும். அதனாலேயே அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

போன மாதம் டீமுக்கு ஒரு பெண் புதிதாக வந்தார். முழுப் பாதையும் தெரியும்படி அவருடைய பிராம்ப்டை முதல் நாளே மாற்றிக் கொடுத்தேன். பிராம்ப்ட் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் பிஎஸ்1-இல் பெரிய டபிள்யூ இருந்த இடத்தில் சிறிய டபிள்யூ, அவ்வளவுதான். "இது எதுக்குண்ணா?" என்று கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த அரைப்புள்ளியின் கதையைச் சொன்னேன்.