மூஸ் கறி சுமந்த சட்டத்தோடு நல்லதண்ணிப் படியில்

இலங்கையில் ஹட்டனில் இருந்து மஸ்கெலியா வழியாக, சிவனொளிபாதமலை அடிவாரமான நல்லதண்ணிக்குப் போகிற பஸ்ஸில் ஏறும்போதே கொண்டக்டர் அண்ணன் என் முதுகைப் பார்த்து, "தம்பி, ஏணியா அது?" என்று கேட்டார். பார்க்க அப்படித்தான் இருக்கும். நீளமாக இரண்டு அலுமினியக் குழாய், நடுவில் நான்கு குறுக்குக் குழாய், கீழே ஒரு தட்டு, அப்புறம் பெல்ட்டும் வார்களும். கனடாவில் இருக்கும் பெரியப்பா மகன் ஊருக்கு வந்தபோது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன, முதுகில் சுமை கட்டுகிற சட்டம் அது. அங்கே வேட்டைக்குப் போகிறவர்கள் சட்டத்துக்கும் பைக்கும் இடையில் கறியை வைத்துக் கட்டிக்கொண்டு வருவார்களாம். மூஸ் என்கிற பெரிய மானின் பின்னந்தொடை ஒன்றே 40 கிலோவைத் தாண்டும், வண்டி போகாத காட்டில் அதை மனுசன்தான் சுமக்க வேண்டும்.

எனக்கு வேட்டையில் ஆசை இல்லை, நம் பக்கத்து மரை மானைக் கட்டிக்கொண்டு வர எனக்கு மனமும் வராது. ஆனால் வண்டி போகாத இடம் நமக்கும் இருக்கிறதே. சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி மே மாதம் வெசாக் போயா வரை நடக்கும், அந்த ஐந்து மாதமும் மாமா படியோரத்தில் தேத்தண்ணிக் கடை போடுவார். நல்லதண்ணிப் பக்கமிருந்து ஏறினால் உச்சி 2,243 மீட்டர், படிகள் 5,000க்கு மேல். வழியில் குடிக்கிற ஒவ்வொரு பிளேன்டீயின் சீனியும் யாரோ ஒருவருடைய தோளிலோ தலையிலோ ஏறி வந்ததுதான். இரண்டு வருசம் நானும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். இரண்டாவது வருசம் வலது கை விரல்கள் மூன்று நாள் மரத்துப்போய்க் கிடந்தன. பாரம் தோளை அழுத்தி நரம்பை நசுக்கினால் அப்படித்தான் ஆகும்.

சரி, கனடாச் சட்டத்தை எடுப்போம் என்று 20 கிலோ அரிசியைக் கட்டி, நாங்கள் இருக்கிற தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு முன்னால் நடந்து பார்த்தேன். தோள் இன்னும் மோசமாக வலித்தது. பிறகுதான் விசயம் புரிந்தது, சட்டம் என் முதுகுக்கு நீளம். தலையைக் குனிந்தால் கழுத்துக்குப் பின்னால் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும், அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு இருக்கும் மட்டம் வரைக்கும் அளக்க வேண்டும். எனக்கு 44 சென்டிமீட்டர், சட்டத்தைச் செய்திருந்ததோ 50க்கு மேல் உள்ள ஆளுக்கு. அதனால் பெல்ட் இடுப்பில் உட்காராமல் தொடைப் பக்கம் இறங்கிவிட்டது, இருபது கிலோவும் தோளில் தொங்கியது. பாரத்தை இடுப்பெலும்பு வாங்க வேண்டும், தோள் வார் அதை முதுகோடு சாயாமல் பிடித்திருந்தால் போதும். இந்தச் சட்டத்தின் வேலையே அவ்வளவுதான்.

தோள் வாரைக் கீழே இறக்கக் குழாயில் புதுத் துளை போட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன், வளைவுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டேன். இரண்டாவது தடவை பாரம் ஏற்றியபோது துளையிலிருந்து மயிரிழை போல விரிசல் ஓடியது. அலுமினியத்தைச் சும்மா வெல்டிங் வைத்து ஒட்டவைத்தால் சூடு பட்ட இடம் பலம் இழந்துவிடும், அதனால் ஒட்டவைக்கப் போகவில்லை. காய்ந்த கொய்யாக் கம்பைச் சீவி, குழாய்க்குள் இறுக்கமாக ஒரு சாண் நீளம் அடித்து ஏற்றி, வெளியே தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற கிளிப் இரண்டைப் போட்டு முறுக்கினேன். அதற்குப் பிறகு துளையே போடவில்லை. குறுக்குக் குழாயை வேண்டிய உயரத்தில் கிளிப்பால் பிடித்துவிட்டேன், ஏற்றவும் இறக்கவும் அதுதான் வசதி.

பெல்ட்டைத் தைத்தது ஹட்டன் டவுனில் செருப்புத் தைக்கிற ஐயா. பழைய வேன் ஒன்றிலிருந்து கழற்றிய சீட் பெல்ட்டும், ரப்பர் செருப்பு வெட்டுகிற அட்டையும், ஒரு துண்டு மெத்தைப் பஞ்சும் கொண்டுபோயிருந்தேன். நேராக ஒரு பட்டை வெட்டித் தைக்கச் சொன்னேன். அவர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி இடுப்பைச் சுற்றிக் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இடுப்பு நேராவா இருக்கு தம்பி? மேல ஒடுக்கம், கீழ அகலம். நேரா வெட்டினா ஓரம் வெட்டும்" என்றார். அட்டையை லேசாக வளைத்து, மேல்விளிம்பு குட்டையாகவும் கீழ்விளிம்பு நீளமாகவும் வெட்டினார். வெளியே கெட்டி அட்டை, உள்ளே மெத்து. பாரம் இழுக்கிற இடத்தில் எல்லாம் சதுரம் போட்டு அதற்குள் பெருக்கல் குறி போலத் தையல். அந்தப் பெல்ட்டை இறுக்கிப் பூட்டிய நிமிசத்தில் தோள் வாருக்கும் தோளுக்கும் நடுவே என் இரண்டு விரல் நுழைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன்.

மிச்சம் ஒன்று இருந்தது, அது அம்மா சொன்னது. நேபாளத்தில் சுமை தூக்குகிறவர்கள் நாம்லோ என்று ஒரு தலைப் பட்டை போடுவார்கள் என்று படித்துவிட்டு, நானும் ஒரு பட்டையைச் சட்டத்தின் அடியில் கட்டி நெற்றியில் மாட்டிக்கொண்டு நின்றேன். அம்மா முப்பது வருசம் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தலைக் கயிற்றில் தாங்கியவர். பார்த்த உடனே வந்து பட்டையைப் பின்னால் தள்ளினார். "நெத்தியில போட்டா கழுத்து பின்னால மடங்கும்டா. முடி ஆரம்பிக்கிற எடத்துக்குக் கொஞ்சம் பின்னால போடு, பாரம் நேரா முதுகுத்தண்டுல எறங்கணும்." பட்டைக்கு அடியில் கம்பளித் துண்டை நாலாக மடித்து, சும்மாடு மாதிரி வைத்தும் கொடுத்தார். நாலு விரல் அளவுதான் தள்ளினார், கழுத்திலிருந்த இழுப்பு அப்படியே போய்விட்டது.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஏறினேன். சீனி 10, கோதுமை மா 10, பருப்பு 5, பால்மாவும் சில்லறைச் சாமானும் சேர்த்து மூன்று, சட்டத்தோடு சேர்த்தால் 30க்குக் கொஞ்சம் மேல். என் எடை 62. மஸ்கெலியாவைத் தாண்டியபோது மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கி, மூழ்கின பழைய ஊரின் கரை மண் தெரிந்தது. சீத கங்குல ஓடையில் முகம் கழுவிக்கொண்டு பெல்ட்டை மறுபடி இறுக்கினேன்.

சீனியையும் மாவையும் மேலே, தோள்பட்டை உயரத்தில், முதுகை ஒட்டிக் கட்டியிருந்தேன். கனமானது கீழேயும் வெளியேயும் இருந்தால் ஆளைப் பின்னால் இழுக்கும், ஏற்றத்தில் அதைச் சமாளிக்கக் குனிந்து குனிந்தே இடுப்பு விட்டுப்போகும். முப்பது நிமிசத்துக்கு ஒருதரம் முறை மாற்றினேன்: முதலில் இடுப்பு, பிறகு பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தித் தோள், நடுவில் பத்து நிமிசம் தலைப் பட்டை. தலைப் பட்டை மாட்டியிருக்கும்போது நெஞ்சு வார் தேவையில்லை, அவிழ்த்துவிட்டால் மூச்சு முழுசாக வரும். அந்தக் குளிரில் செங்குத்துப் படியில் அது எவ்வளவு பெரிய விசயம் என்று ஏறியவர்களுக்குத் தெரியும். மேலிருந்து இறங்குகிற ஆட்கள் "கருணாவய்" என்று யாத்திரை வாழ்த்துச் சொல்லி வழிவிட்டார்கள். மாமா கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது தொடைதான் நடுங்கியது. விரல் பத்தும் சூடாக இருந்தன, பிளேன்டீக் கோப்பையை நானே பிடித்துக் குடித்தேன்.

இறங்கும்போது வெறும் போத்தல்களும் குப்பைச் சாக்கும், ஏழெட்டுக் கிலோதான். அதைக் கீழ்த் தட்டில் கட்டினேன். இறக்கத்தில் உயரத்தில் பாரம் இருந்தால் ஒரு படி தவறினாலும் ஆளை முன்னால் தள்ளிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு அதைப் போட்டுவிட்டேன். பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு வாசலில் இரண்டு நடை நடந்தார், "கழுத்துல ஒண்ணுமே தெரியல" என்றார். பிறகு மலையில் நிற்கிறது போலக் கையைத் தோளுக்கு மேல் வீசிப் பார்த்தார். கை சட்டத்தின் மேல்குழாயில் போய் இடித்தது. கொழுந்தைப் பறித்துப் பின்னால் வீச அந்த இடம் திறந்து இருக்க வேண்டும். ஒரு சாண் வெட்டிக் குறைக்கணும் என்று அவரே குழாயில் விரலை வைத்துக் காட்டினார். குனியச் சொல்லி முதுகை அளந்தேன், 39 சென்டிமீட்டர். குழாய் அறுக்கிற வாள் வாங்க நாளைக்கு டவுனுக்குப் போகிறேன்.