பாலத்துக்கு எதற்குக் கூரை?

கூரை வேய்ந்த மரப்பாலங்களை ஆய்வு செய்யும் வேலையில் இருப்பவனிடம், பார்க்க வருகிறவர்கள் தவறாமல் கேட்பது, பாலத்துக்கு எதற்குக் கூரை என்பதைத்தான். போகிறவர்கள் நனையாமல் இருக்க என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். உண்மையில் கூரையும் பலகைச் சுவரும், பாரத்தைத் தாங்கும் பக்கவாட்டு மரச்சட்டங்கள் நனைந்து இற்றுப்போகாமல் இருப்பதற்காக அமைந்தவை. போகிறவர்களுக்கு அதனால் தொல்லையும் உண்டு: கூரைக்குக் கீழே பனி விழாததால், குளிர்காலத்தில் பனிமேல் செல்லும் சறுக்குவண்டிகள் கடப்பதற்காக, அந்நாளில் ஆள் வைத்துப் பாலத்துக்குள் பனியை வாரிக் கொட்ட வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரின் கார்னிஷையும் வெர்மான்ட்டின் வின்ட்சரையும் இணைக்கும் பாலம் இந்த வகையில் பெரிது. கனெக்டிகட் ஆற்றில் அதற்கு முன் கட்டப்பட்ட மூன்று பாலங்கள் அழிந்த அதே இடத்தில், 1866இல் ஜேம்ஸ் டாஸ்கரும் பேலா பிளெட்சரும் இதைக் கட்டினார்கள். ஏறத்தாழ 449 அடி நீளத்துக்கு இரண்டே கண்கள். பலகைகளைச் சாய்வாகக் குறுக்கும் மறுக்கும் பின்னிப் பக்கச் சட்டமாக்கும் முறைக்கு, கட்டடக் கலைஞர் இதியேல் டவுன் 1820இல் காப்புரிமை பெற்றார்; அந்தப் பின்னல் முறையில், பலகைகளுக்குப் பதிலாகக் கனத்த சதுர மரங்களைக் காடியிட்டுப் பொருத்தியிருக்கிறார்கள். குதிரையை ஓடவிடாமல் நடையில் செலுத்தாவிட்டால் இரண்டு டாலர் அபராதம் என்ற பலகை இன்றும் முகப்பில் இருக்கிறது.

இத்தகைய எந்தப் பாலத்துக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது கூரையை; அடுத்து, கீழ் உத்தரம் கரையின் கல்கட்டில் அமரும் முனையை. சாலையிலிருந்து வரும் மண்ணும் சருகும் உப்புக் கலந்த பனிச்சேறும் அங்கே தேங்குவதால், நடுப்பகுதி வைரம் பாய்ந்ததுபோல் இருக்கையில் முனை மட்டும் இற்றிருக்கும். குத்தூசியை மரத்தில் இறக்கி நெம்பினால், நல்ல மரம் சடக்கென்ற ஓசையுடன் நீளச் சிம்பாகப் பெயரும். கெட்ட மரம் ஓசையின்றிப் பொட்டென்று துண்டாக உடையும். ஈரமானி இருபது விழுக்காட்டைத் தாண்டினால் தண்ணீர் வரும் வழியைத் தேடத் தொடங்குவேன். பெரும்பாலும் அது கூரையில் பெயர்ந்த ஒரு தகட்டில்தான் போய் முடியும். முகப்புக்குச் சாயம் பூசவும் விளக்குப் போடவும் உடனே கிடைக்கும் பணம், அந்தத் தகட்டை மாற்ற மட்டும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போவது எனக்குப் பழகிவிட்டது.

கார்னிஷ் பாலம் காலப்போக்கில் தொய்ந்தபோது, 1989இல் முடிந்த சீரமைப்பில் பசையால் ஒட்டிய அடுக்குமரத்தைக் கீழ் உத்தரங்களில் சேர்த்தார்கள். பழமை கெட்டுவிட்டதென்று வருந்துகிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. உள்ளே இரும்பு உத்தரங்களை நுழைத்துப் பாரத்தை அவற்றின்மேல் ஏற்றியிருந்தால், பழைய பின்னல் வெறும் ஒப்பனையாகியிருக்கும். இங்கோ, இன்று கார்கள் கடக்கும்போதும் அந்தப் பின்னல்தான் பாரம் சுமக்கிறது.