சிட்டுவுக்காக இன்னொரு டாக்டரிடம் போனோம்

ஒரு திங்கட்கிழமை காலை, கோலாலம்பூர் செந்தூல் வீட்டுப் பின்வாசலில் எங்கள் நாய் சிட்டு போன சிறுநீர் தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர் நிறத்தில் இருந்தது. இரண்டு நாளாகவே சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டிருந்தாள். வெயிலுக்குத்தான் இப்படி என்று நினைத்திருந்தோம். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்துக் கிடந்தது. அடிவயிற்றில் குண்டூசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். அவளுக்கு 5 வயது, 14 கிலோ. மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியைத் தம்பி தூக்கிக்கொண்டு வந்தான், அப்படி வந்து சேர்ந்தவள்.

பக்கத்துக் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். பிசிவி 17. இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று காட்டும் எண் அது. நல்ல உடம்புள்ள நாய்க்கு ஏறத்தாழ 37 முதல் 55 வரை இருக்கும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் மிகக் குறைவு. உண்ணிக் காய்ச்சலுக்கான கிட் சோதனை நெகட்டிவ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் சிவப்பணுக்களையும் தட்டணுக்களையும் அழிக்கிறது, இதற்கு எவன்ஸ் சிண்ட்ரோம் என்று பெயர் என்றார் டாக்டர். அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்க அன்றே ப்ரெட்னிசோலோன் ஸ்டீராய்டு தொடங்கினார். புதன்கிழமை பிசிவி 13-க்கு இறங்கிவிட்டது. மருந்து பிடிக்க நாளாகும், அதுவரை தாங்குவாளா என்று சொல்ல முடியவில்லை, வேதனைப்படாமல் அனுப்பி வைப்பதையும் வீட்டில் பேசிப் பாருங்கள் என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அன்று இரவு யாரும் தூங்கவில்லை. இன்னொரு டாக்டரைக் கேட்கலாமா என்று தம்பிதான் முதலில் கேட்டான். எனக்குத் தயக்கம். முன்பு இருந்த நாய்க்கும் அவர்தான் பார்த்தார். பாதியில் வேறு இடம் போனால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடாதா? விடிந்ததும் நேரில் போய் உள்ளதைச் சொன்னேன். "டாக்டர், உங்கள் மேல் குறை இல்லை. முடிவு எடுப்பதற்கு முன்னால் இன்னொருவரும் பார்த்தால் எங்கள் மனம் ஆறும்." அவர் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. அரைமணி நேரத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தார். இந்த ஒரு பேச்சுக்குப் பயந்து ஓர் இரவை வீணாக்கினோமே என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பிசிவி இறங்கிக்கொண்டிருக்கும் நாய்க்கு ஓர் இரவு சின்ன விஷயமில்லை.

கடிதம் மட்டும் போதாது. திங்கள், புதன் இரண்டு நாள் இரத்த அறிக்கைகளின் நகல், கிட் சோதனை முடிவு, என்ன மருந்து எத்தனை மில்லிகிராம் எந்த மணிக்குப் போனது என்ற விவரம், எல்லாவற்றையும் கேட்டு வாங்கினோம். ஸ்டீராய்டு எப்போது தொடங்கியது என்பது தெரிந்தால்தான் அடுத்துப் பார்ப்பவர் எண்களைச் சரியாகப் படிக்க முடியும். சிறுநீரின் நிறத்தையும் ஈறையும் தினமும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் படங்களும் உதவின.

செர்டாங்கில் இருக்கும் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லிவிட்டுக் கிளம்பினோம். 1997-இல் பெயர் மாறியும் அப்பா இன்னும் அதைப் பழைய பெயரில் 'பெர்த்தானியான்' என்றுதான் சொல்லுவார். சுங்கை பீசி டோல் வரைக்கும் ஜாம். அம்மா பின்சீட்டில் சிட்டுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தார்.

அங்கே டாக்டர் முதலில் சிட்டுவைத் தொடவேயில்லை. எங்களைக் கேள்வி கேட்டார். மலாயும் ஆங்கிலமும் கலந்து இருபது நிமிடம். கடைசியாக உண்ணி மருந்து போட்டது எப்போது? மனிதர்களுக்கான மாத்திரை எதையாவது விழுங்கினாளா? வெங்காயம் சாப்பிட்டாளா? அம்மாவின் முகம் மாறிவிட்டது. சாம்பார் சோறு மிஞ்சினால் அவர்தான் சிட்டுவுக்குப் பிசைந்து வைப்பார். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. "நான்தான் கொன்னுட்டேனா" என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அங்கிருந்த நர்ஸ் தமிழ்ப் பெண். "ஆன்ட்டி, அழாதீங்க, இன்னும் எதுவும் தெரியல" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வெங்காயம் காரணமாக இருந்தால் சிவப்பணுவின் ஓரத்தில் புடைப்பு மாதிரி ஓர் அடையாளம் தெரியுமாம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள், அது இல்லை.

அடுத்த கேள்வி: வேறு நாயோடு சண்டை போட்டாளா?

போட்டிருந்தாள். ஒரு மாதத்துக்கு முன்னால் கேட் திறந்திருந்தபோது தெருநாய் ஒன்று கழுத்தில் கடித்துவிட்டது. காயம் ஆறிவிட்டதால் நாங்கள் மறந்தே போனோம். முதல் கிளினிக்கிலும் சொல்லவில்லை.

டாக்டர் காது நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்தார். இன்னொரு சொட்டை உப்புநீரோடு கலந்து காட்டினார், இரத்தம் மணல் மணலாகத் திரண்டு நின்றது. எதிர்ப்புச் சக்தி சிவப்பணுக்களைத் தாக்குவது உண்மைதான், முன்பு பார்த்த டாக்டர் சொன்னது தவறில்லை என்றார். ஆனால் அதைத் தூண்டிவிட்டது எது? முதல் கிளினிக்கில் போட்ட கிட் எர்லிக்கியா, அனாப்ளாஸ்மா, லைம், இதயப் புழு ஆகியவற்றைத்தான் தேடும். பேபீசியாவைத் தேடாது. பேபீசியா சிவப்பணுவுக்குள்ளேயே புகுந்து வாழும் ஒட்டுண்ணி. அதில் கிப்சோனி என்ற வகை உண்ணியால் மட்டுமல்ல, நாய்க்கடியாலும் பரவும். கண்ணாடித் துண்டில் அந்த ஒட்டுண்ணியோ என்று சந்தேகப்படும்படி இரண்டொரு வளையங்கள் தெரிந்தன. உறுதி செய்ய, ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு இரத்தம் அனுப்பினார்கள்.

நெகட்டிவ் என்றால் உண்ணி நோய் எதுவுமே இல்லை என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். இந்தச் சோதனை எதையெல்லாம் தேடாது என்று திங்கட்கிழமையே கேட்டிருக்க வேண்டும்.

இரத்தம் உடனே ஏற்ற வேண்டியிருந்தது. கொடுத்தது தம்பியின் நண்பன் வீட்டு ஜெர்மன் ஷெப்பர்ட், 32 கிலோ, தடுப்பூசி எல்லாம் ஒழுங்காகப் போட்டது. கொடுக்கிற நாய்க்கும் உண்ணி நோய் இருக்கக் கூடாது என்பதால் அதற்கும் சோதனை செய்து, இரண்டு இரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார்கள். அன்று இரவு பிசிவி 22. நான்காம் நாள் பிசிஆர் முடிவு வந்தது: பேபீசியா கிப்சோனி, பாசிட்டிவ்.

மருந்துக்காக முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. அட்டோவாகுவோனும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் முதல் நாளே தொடங்கிவிட்டார்கள். அட்டோவாகுவோன் மலேரியா மருந்து, விலை அதிகம். அதை எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, பத்து நாள் கொடுக்க வேண்டும். கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் உடம்பில் சேரும். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று அலாரம் வைத்து, கோழித் தோலோடு வேகவைத்த இறைச்சியில் மறைத்துக் கொடுத்தோம். மதிய வேளை அப்பாவின் பொறுப்பு. ஒரு வேளையும் தவறவிடவில்லை. டெங்கிக்குக் கொடுப்பதுபோல் பப்பாளி இலைச் சாறு கொடுங்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா பாசத்தோடு இலையே பறித்துக் கொண்டுவந்தார். டாக்டரைக் கேட்டோம், இப்போது வேண்டாம் என்றார். கொடுக்கவில்லை.

ஸ்டீராய்டை மட்டும் சட்டென்று நிறுத்தக் கூடாது. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். அந்த நாள்களில் சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தாள், ராத்திரி மூன்று முறை வெளியே போக வேண்டும் என்பாள், எந்நேரமும் பசி. அது மருந்தால் வருவது என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

வாராவாரம் பிசிவி பார்க்கச் செர்டாங் வரை போகத் தேவையில்லை என்றார்கள். அதனால் பழைய டாக்டரிடமே போனோம். பிசிஆர் முடிவின் நகலைக் கொடுத்தபோது அவர் நின்றபடியே இரண்டு முறை படித்தார். பிறகு மேசையைச் சுற்றி வந்து சிட்டுவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ஆறாவது வாரம் பிசிவி 38.

மருந்து முடிந்து 60-ஆம் நாள் எடுத்த பிசிஆர் நெகட்டிவ். 90-ஆம் நாள் இன்னொன்று எடுக்க வேண்டும். அடுத்த மாதம் 3-ஆம் தேதி, காலை பத்து மணிக்கு.