கடைசி வீடு முதலில் ஏறணும்

"என்ன வேலைல இருக்கீங்க?" என்று யாராவது கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்ல வரமாட்டேங்குது. காலை நாலரையிலிருந்து எட்டரை வரை குடோன் ஆள். அதுக்கப்புறம் சாயங்காலம் வரை டிரைவர். சம்பளச் சீட்டில் மட்டும் ஒரே ஆள்.

எங்க ஹப், அதாவது பார்சல் வந்து இறங்கிப் பிரியிற குடோன், கோயம்புத்தூர் சின்னியம்பாளையம் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. நான் போய்ச் சேரும்போது பெங்களூரு லைன் வண்டி பின்பக்கமா ஒட்டி நின்றிருக்கும். கதவோட சீல் வெட்டித் திறந்தால் கூரை வரைக்கும் மூட்டை. பெரிய கம்பெனிகளில் இருக்கிற மாதிரி பெல்ட்டெல்லாம் எங்களிடம் கிடையாது. ஒரு இரும்பு மேசை, ரெண்டு ஸ்கேனர், சுற்றிலும் கூண்டு டிராலி, அவ்வளவுதான். ஸ்கேன் பண்ணுகிறவர் பின்கோடின் கடைசி எண்ணைக் கத்துவார். "நாலு" என்றால் பீளமேடு. "ஆறு" கணபதி. "முப்பத்தஞ்சு" சரவணம்பட்டி. ஸ்கேனர் பிடிக்கிற பீகார் தம்பிக்குத் தமிழ் இன்னும் சரியா வராது. ஆனா இந்த எண்கள் மட்டும் என்னைவிட வேகமா வரும்.

பின்கோடு தபால் துறை 1972 ஆகஸ்ட் 15-ல் கொண்டுவந்தது. இன்றைக்குத் தனியார் பார்சலும் அதை நம்பித்தான் ஓடுது. திருப்பூர் 2009-லேயே தனி மாவட்டம் ஆயிடுச்சு, ஆனா திருப்பூர் டவுன் எண் இன்னும் கோயம்புத்தூர் மாதிரியே 641-ல்தான் ஆரம்பிக்குது. பீளமேடு 641004. திருப்பூரில் ஒரு பகுதி 641604. மார்க்கரில் எழுதின பூஜ்யத்துக்கு மேல ஒரு வால் இருக்கா இல்லையா என்பதுதான் வித்தியாசம். ஸ்கேனர் சார்ஜ் தீர்ந்து கண்ணாலேயே பிரித்த ஒரு காலையில், திருப்பூர் போக வேண்டிய பட்டன் பெட்டியை நான் பீளமேட்டு டிராலியில் போட்டேன். ஒன்பது மணிக்கு அதை நானே என் வண்டியில் ஏற்றினேன். பதினோரு மணிக்கு நானே பீளமேட்டில் அந்தத் தெருப் பேரை டீக்கடை டீக்கடையா விசாரித்துக்கொண்டிருந்தேன். திட்டக்கூட ஆள் இல்லை.

வண்டி குட்டியானை. எடை எங்களுக்குப் பிரச்சினை இல்லை, இடம்தான் பிரச்சினை. வெறும் குடோனில் மட்டும் இருந்தப்போ, நீளம் அகலம் உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வர்றதைக் கிலோவா வச்சுக் காசு வாங்குவது பகல் கொள்ளை என்று நினைப்பேன். 60, 40, 40 அளவுப் பெட்டியில் ரெண்டு தலையணை. தூக்கினால் மூணு கிலோ, பில்லில் 19.2 கிலோ. ஓட்ட ஆரம்பித்த பிறகு அந்தத் தலையணைப் பெட்டிக்காக எட்டு சின்னப் பெட்டியை மடியிலும் பக்கத்து சீட்டிலும் அடுக்கிக்கொண்டு கியர் போட்டுப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் சேர்த்தே வாங்கலாம்.

ஏற்றுவதில் ஒரே விதிதான்: கடைசி வீடு முதலில் ஏறணும். முதல் வாரம் அது தெரியாமல் மேசையில் வந்த வரிசைக்கே ஏற்றிவிட்டு, கணபதியில் ஒரு சீப்பு டப்பாவை எடுக்க இருபது பெட்டியை ரோட்டில் இறக்கி வைத்தேன். பின்னாடி டவுன் பஸ்காரர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை.

2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தாங்க. "இனி உனக்கு ஜாலிதான் மாப்ளே" என்று ஊரில் எல்லாரும் சொன்னாங்க. எனக்கு என்ன ஜாலி? பார்சல் வாங்குகிறவங்க எல்லாரும் பாலத்துக்குக் கீழேதானே குடியிருக்காங்க.

ஏழு மணிக்கு மேல குடோனில் யாரும் பெட்டியை வைக்க மாட்டோம், எறிவோம். வைக்கணும்னா நாலு எட்டு நடக்கணும், எறிந்தால் நின்ற இடம். போன மாசம் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி வந்தது, சிவப்பு நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியது. விருதுநகர் பக்கத்துப் புக்கிங். "முப்பத்தஞ்சு" என்றான் தம்பி. எறிந்தேன். டிராலிக் கம்பியில் பட்டு உள்ளே விழுந்தது. சத்தம் கேட்டது, கேட்காத மாதிரி அடுத்ததுக்குக் கை நீட்டினேன்.

பன்னிரண்டரைக்கு சரவணம்பட்டியில் பின்கதவைத் திறந்தால் குப்பென்று நல்லெண்ணெயும் பெருங்காயமும். சிவப்புக் கயிற்றுப் பெட்டியின் அடிப்பக்கம் ஊறிப்போய், கீழே இருந்த பெட்டி வரைக்கும் இறங்கியிருந்தது. போன் பண்ணினதும் பிஜி ஹாஸ்டல் மாடியிலிருந்து கழுத்தில் ஐடி கார்டோடு ஒரு பையன் இறங்கி வந்தான். பெட்டியை வாங்கி அப்படியே திருப்பிப் பார்த்தான்.

"நாலு கவர் போட்டுக் கட்டிருக்கேன்னு அம்மா சொன்னாங்களேண்ணா... வர்ற ரோடு ரொம்ப மோசமா?"

"ஆமா தம்பி. நெடுக வேலை நடக்குது."

ஓடிபி சொன்னான். அட்டையில் வழிந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு "நார்த்தங்காய்" என்றான், எனக்குச் சொன்னானா தனக்குச் சொல்லிக்கொண்டானா தெரியவில்லை. மேலே போய்விட்டான்.

கீழே இருந்தது யாருடையதோ செருப்புப் பெட்டி. அந்த அக்கா வாசலிலேயே மோந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றுட்டாங்க. ரிட்டர்ன் சீட்டு ஒட்டி, சாயங்காலம் ஹப்பில் இறக்கி, பார்சல் வாங்கினவங்க கையில் கொடுத்த சிஓடி காசை எண்ணிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் விடியற்காலை அது மேசைக்கு வந்தது. தம்பி ஸ்கேனரைப் பெட்டியில் வைத்தவன் அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"பாய்... அச்சார்?"