தாத்தாவின் மெடலும் இல்லாமல் போன மாவட்டமும்

ராணுவத்தில் தபேதாராக இருந்த தாத்தாவின் சர்வீஸ் விவரம் கேட்டு வேலூரில் ஒரு ஆபீஸுக்குப் போயிருந்தேன். "தபேதார்னா, கலெக்டர் ஆபீஸ்ல இருந்தாரா?" என்று அங்கிருந்த குமாஸ்தா கேட்டபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. டவாலி போட்ட தபேதார் வேறு, தாத்தா வேறு. குதிரைப்படை வழிவந்த ரெஜிமென்ட்களில் ஹவில்தாரைத்தான் தபேதார் என்பார்கள். சிப்பாய்க்கு சவார் என்று பெயர். தாத்தா 16-வது லைட் கேவல்ரி. 1776-க்கு முன்பே ஆற்காடு நவாபின் குதிரைப்படையாக இருந்த ரெஜிமென்ட் அது. 1965 பாகிஸ்தான் போரில் சென்சூரியன் டாங்கிகளை ஓட்டிக்கொண்டு போய் சியால்கோட் பகுதியில் சண்டை போட்டது. இதையெல்லாம் நின்றபடியே சொன்னேன். அவர் ஃபைலை விட்டுத் தலையே நிமிரவில்லை.

அடுத்து ஊர்ப் பிரச்சினை. படையிலிருந்து விடுவித்தபோது தாத்தாவுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 'திமிரி, வட ஆற்காடு மாவட்டம்' என்று இருக்கிறது. அந்த மாவட்டத்தை 1989-ல் இரண்டாகப் பிரித்தார்கள். 2019-ல், திமிரி இருந்த வேலூர் மாவட்டமும் மூன்றாகி, ஊர் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. "வட ஆற்காடுன்னு மாவட்டமே இல்லையே தம்பி, ராணிப்பேட்டைல கேளுங்க" என்றார். அங்கே போனால், "பழைய பேப்பர் எல்லாம் வேலூர்லதான்." இரண்டு நாள் வேலை கெட்டதுதான் மிச்சம்.

இந்த அலைச்சலே தேவையில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. தாத்தா மாதிரி டாங்கிப் படையில் இருந்த சிப்பாய்களின் சர்வீஸ் விவரம் மகாராஷ்டிராவின் அகமதுநகரில் (இப்போது அகில்யாநகர்) இருக்கும் ஆர்மர்ட் கோர் ரெக்கார்ட்ஸ் என்ற ஆவண அலுவலகத்தில்தான் இருக்கும். நேராக அங்கே எழுதுங்கள். ஆனால் ராணுவ எண் கையில் இல்லாமல் எழுதாதீர்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த கோவிந்தசாமியைத் தேடுவார்கள்?

எங்களிடம் அந்த எண்தான் இல்லை. புத்தகத்தில் சரியாக அந்த இடத்தைச் செல் அரித்திருந்தது. மிச்சம் இருந்தது 1965 போருக்காகத் தாத்தாவுக்குக் கொடுத்த ரக்‌ஷா மெடல். அதன் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். ஆனால் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார்! பாசத்தில் செய்ததுதான், யாரைக் குறை சொல்ல? கடிகாரக் கடைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஆறு இலக்கம் படித்துவிட்டார். கடைசி இலக்கம் மட்டும் 3-ஆ 8-ஆ என்று பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து விளிம்பைச் சுற்றி பட்டர் பேப்பரை ஒட்டி, பென்சிலைப் படுக்க வைத்து மெதுவாகத் தேய்த்தேன். கறுப்புக்கு நடுவே வெள்ளையாக எழுந்து வந்தது 3. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

உங்கள் வீட்டில் மெடல் இருந்தால் புளி, பிராஸோ, விபூதி எதுவும் வேண்டாம். காய்ந்த துணியால் துடைத்தால் போதும். ரிப்பனையும் கழற்றிவிடாதீர்கள். மெடலை அடையாளம் காண அதுவும் உதவும்.

என் பெயரில் போட்ட முதல் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. குடும்ப பென்ஷன் ஆயாவுக்கு, அதாவது என் பாட்டிக்கு, வருவதால் அவர்தான் கேட்க வேண்டும். சரி என்று ஆயாவின் கைநாட்டு, பென்ஷன் ஆணை நகல், தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். ஆறாவது வாரம் பதில் வந்தது.

ஒரே பக்கம்தான். சேர்ந்த தேதி, பதவி உயர்வு, விடுவித்த தேதி, கீழே மெடல் பட்டியல். அதில் சமர் சேவா ஸ்டாரும் இருந்தது. 1965-ல் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. எங்கள் வீட்டுக்கு அது வரவே இல்லை. தாத்தாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆயாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "தபேதார்னு போட்டிருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். போட்டிருந்தது. விரலை வைத்து அந்த இடத்தைக் காட்டினேன்.

ஸ்டாரைக் கேட்டு ஆயா இன்னொரு கைநாட்டு வைத்துக் கொடுத்தார். போன திங்கட்கிழமை அனுப்பிவிட்டு, ஸ்பீட் போஸ்ட் ரசீதை தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் மெடலோடு வைத்திருக்கிறேன்.